கரண்ட் போகும்போது சேவ் கொடுத்த ஆட்டோகேட் ஃபைல் இப்போது திறக்கவில்லை, ஏதாவது வழி உண்டா?

கோத்தகிரி_டிராஃப்டிங் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். கட்டபெட்டு பக்கம் ஒரு சரிவான மனையில் வீடு, ரோட்டிலிருந்து மனையின் கடைசி வரை ஒன்பது மீட்டர் இறக்கம். அதற்கு சைட் பிளான், கான்டூர் (சம மட்டக் கோடுகள்), மூன்று செக்‌ஷன், இரண்டு அடுக்கு ரீட்டெயினிங் வால் (மண்ணைத் தாங்கும் சுவர்), படிப்படியாக இறங்கும் அஸ்திவாரம் என்று பதினோரு நாளாக ஒரே டிராயிங்கில் வேலை செய்துகொண்டிருந்தேன். இது ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதிக்குப் போக வேண்டிய பிளான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்தே விடாத மழை. சாயங்காலம் ஆறு மணிக்கு லைட் இரண்டு தடவை மினுக்கியது. சரி, எதற்கும் சேவ் செய்துவிடலாம் என்று கண்ட்ரோல் எஸ் கொடுத்தேன், கொடுத்த அந்த நொடியிலேயே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இருக்கிறது, ஆனால் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகிறது. அரை மணி நேரம் கழித்து கரண்ட் வந்ததும் ஆட்டோகேட் திறந்தேன், இடது பக்கம் ஏதோ ஒரு பலகை வந்தது, அவசரத்தில் அதை மூடிவிட்டு ஃபைலைக் கிளிக் செய்தால் "டிராயிங் ஃபைல் இஸ் நாட் வேலிட்" என்று வருகிறது. ரெக்கவர் கட்டளை கொடுத்தாலும் அதே செய்திதான். ஃபைலின் அளவு மட்டும் 3.8 எம்பி என்று ஒழுங்காகவே காட்டுகிறது, அதனால் உள்ளே வேலை எல்லாம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஃபோல்டரில் பேக்கப் ஃபைல் எதுவும் கண்ணில் படவில்லை. ஆட்டோகேட் 2021, விண்டோஸ் 10, ஃபைல் இருப்பது டி டிரைவில், சாதாரண ஹார்ட் டிஸ்க்.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து பார்க்க வருகிறார். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று இரவு தூக்கமே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எடப்பள்ளி_சிவில்

தம்பி, முதலில் கையைக் கீபோர்டிலிருந்து எடுங்கள். இந்த நிலையில் பெரும்பாலான இழப்பு கரண்ட் போனதால் வருவதில்லை, அதற்குப் பிறகு நாம் பதற்றத்தில் செய்கிற பத்து காரியங்களால் வருகிறது. திரும்பத் திரும்பத் திறப்பது, அதே பெயரில் சேவ் செய்வது, டெம்ப் ஃபோல்டரைக் காலி செய்வது, சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது என்று கிளீனர் ஓட்டுவது, இவை எதுவும் இப்போது வேண்டாம். அந்த டிராயிங் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவுக்குக் காப்பி எடுங்கள், இனிமேல் எல்லாச் சோதனையும் அந்தக் காப்பியில்தான். டி டிரைவில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம்.

அடுத்தது, அளவு 3.8 எம்பி இருப்பதை வைத்து உள்ளே வேலை இருக்கிறது என்று நம்ப வேண்டாம். காப்பி எடுத்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள், பார்த்துவிட்டு சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள். நல்ல டிராயிங் என்றால் முதல் ஆறு எழுத்து தெளிவாகத் தெரியும். ஏசி1032 என்றால் 2018 வடிவம், உங்கள் 2021ம் அதில்தான் சேவ் செய்யும். ஏசி1027 என்றால் 2013 வடிவம், ஏசி1024 என்றால் 2010. அதற்குப் பிறகு வருவதெல்லாம் புரியாத குறிகளாக இருக்கும், அது சரிதான். அந்த ஆறு எழுத்து இருந்தால் உள்ளே தரவு இருக்கிறது, போராடிப் பார்க்கலாம். அதற்குப் பதிலாக ஃபைல் முழுக்க வெறும் வெற்றிடமாகத் தெரிந்தால் அதில் இருப்பது எல்லாம் பூஜ்யம், எந்த சாஃப்ட்வேரும் அதிலிருந்து ஒரு கோட்டைக்கூட எடுத்துத் தராது.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதும் புரியும். சேவ் கொடுத்ததும் தரவு உடனே டிஸ்கில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் மெமரியில் கேஷாக நிற்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஃபைலின் பெயர், அளவு, நேரம் போன்ற விவரங்களைப் பாதுகாப்பாகக் குறித்து வைக்கும், உள்ளே இருக்கும் தரவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நடுவில் கரண்ட் போனால் "3.8 எம்பி ஃபைல்" என்ற பதிவு மட்டும் நின்றுவிடும், இடம் ஒதுக்கியாகிவிட்டது, ஆனால் குடிவர வேண்டிய தரவு வந்து சேரவே இல்லை.

நோட்பேடில் என்ன தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஊட்டி_ஹார்ட்வேர்

அழிந்த ஃபைலை மீட்கிற ரெக்கூவா சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து டி டிரைவை டீப் ஸ்கேன் போடுங்கள், வந்துவிடும். இல்லையென்றால் ஆன்லைனில் டிராயிங் ஃபைலைச் சரிசெய்து தருகிற தளங்கள் இருக்கின்றன, அப்லோட் செய்தால் போதும்.

எடப்பள்ளி_சிவில்

ரெக்கூவா யோசனை நல்லதுதான் நண்பரே, ஆனால் அதை டி டிரைவிலேயே இன்ஸ்டால் செய்துவிடக் கூடாது, மீட்டெடுத்த ஃபைலையும் அங்கேயே போடக் கூடாது. நாம் தேடுகிற பழைய ஃபைல் கிடக்கிற இடத்திலேயே புதியதை எழுதிவிட்டால் முடிந்தது கதை. பென்டிரைவிலிருந்து ஓடுகிற போர்ட்டபிள் பதிப்பு இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்பதால் வாய்ப்பு இருக்கிறது. எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அழிந்த இடத்தை அதுவே ட்ரிம் செய்து துடைத்துவிடும், நம்பிக்கை மிகக் குறைவு.

அப்லோட் செய்வது எனக்குச் சம்மதமில்லை. பட்டா எல்லை, சர்வே எண், வீட்டுக்காரர் பெயர் எல்லாம் அந்த டிராயிங்கில் இருக்கும். அது நம் சொத்து இல்லை, முகம் தெரியாத ஒரு தளத்துக்குக் கொடுக்க நமக்கு உரிமையும் இல்லை. தவிர, முழுக்கப் பூஜ்யமாக இருக்கிற ஃபைலுக்கு அவர்களும் ஒன்றும் செய்ய முடியாது, காசுதான் போகும்.

கோத்தகிரி_டிராஃப்டிங்

அண்ணா, நீங்கள் சொன்னபடி காப்பி எடுத்து நோட்பேடில் பார்த்தேன். வெறும் வெள்ளை. கீழே வரை இழுத்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூட இல்லை. அந்தத் திரையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பேக்கப் ஏன் இல்லை என்றும் தெரிந்தது. பேக்கப் எடுக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிற ஐசேவ்பேக் அமைப்பை அடித்துப் பார்த்தால் 0 என்று காட்டுகிறது. எனக்கு முன்னால் இந்த சிஸ்டத்தில் இருந்தவர் இடம் அடைக்கிறது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்.

கொடைக்கானல்_வரைபடம்

தம்பி, மனம் தளர வேண்டாம், இன்னும் ஒரு கதவு மூடவில்லை. நான் கொடைக்கானலில் பதினாறு வருடமாக டிராஃப்டிங் செய்கிறேன், எங்களுக்கும் மழைக்காலத்தில் இதே பாடுதான்.

நீங்கள் அவசரத்தில் மூடிய அந்த இடது பக்கப் பலகைதான் டிராயிங் ரெக்கவரி மேனேஜர். கட்டளை வரியில் டிராயிங்ரெக்கவரி என்று சேர்த்து அடித்தால் மறுபடி வரும். உங்கள் டிராயிங்கின் பெயருக்குக் கீழே வேறு ஃபைல்கள் காட்டினால் ஒவ்வொன்றின் நேரத்தையும் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம், நேரே கையால் தேடுவோம்.

ஆட்டோகேட் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஒரு பிரதி எழுதி வைக்கும், சேவ்டைம் என்பதை யாரும் மாற்றாமல் இருந்தால். அந்த ஃபைல் டிராயிங் ஃபோல்டரில் இருக்காது. அது எங்கே போகிறது என்பதை சேவ்ஃபைல்பாத் என்று அடித்தால் காட்டும், பெரும்பாலும் சி டிரைவில் உங்கள் யூசர் பெயருக்குள் ஒளிந்திருக்கிற டெம்ப் ஃபோல்டர்தான். விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்தி, இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே டெம்ப் என்று அடித்தால் நேராக அங்கே போய்விடலாம். உங்கள் டிராயிங் பெயர், பிறகு இரண்டு சின்ன எண், பிறகு ஒரு நாலு இலக்க எண், கடைசியில் எஸ்வி டாலர் குறி என்று ஒரு ஃபைல் கிடக்கிறதா பாருங்கள். தேதி வரிசையில் அடுக்கினால் சீக்கிரம் கண்ணில் படும்.

டிராயிங்கை ஒழுங்காக மூடினால் இந்த ஃபைலை ஆட்டோகேட்டே அழித்துவிடும். உங்களுக்கு ஒழுங்காக மூட வாய்ப்பே கிடைக்கவில்லை, அதனால் அது அங்கேயே கிடக்க வேண்டும். அந்த விதத்தில் கரண்ட் திடீரென்று போனதே உங்களுக்கு உதவி. கிடைத்தால் அங்கேயே திறக்காமல் வேறு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து, காப்பியின் வாலை (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) டிடபிள்யூஜி என்று மாற்றுங்கள். வால் தெரியவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்ய வேண்டும், இல்லையென்றால் பெயர் மட்டும் மாறி வகை மாறாது. பிறகு நோட்பேட் சோதனை, ஏசி1032 தெரிந்தால் ஓப்பன் வேண்டாம், ரெக்கவர் கட்டளையிலேயே திறங்கள்.

இன்னொன்று, டி டிரைவில் டிராயிங் இருந்த அதே ஃபோல்டரில் டிஎம்பி என்று முடிகிற ஃபைல் ஏதாவது கிடக்கிறதா? ஆட்டோகேட் சேவ் செய்யும்போது முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதிவிட்டுத்தான் பெயரை மாற்றும். நடுவில் நின்றுபோனால் அது அனாதையாகக் கிடக்கும். அதையும் காப்பி எடுத்து இதே மாதிரி பாருங்கள். சி டிரைவில் ஸ்டோரேஜ் சென்ஸ் ஆனில் இருந்தால் இப்போதே ஆஃப் செய்யுங்கள், அது டெம்ப் ஃபைல்களைத் தானாக அழிக்கிற வேலைக்காரன்.

கோத்தகிரி_டிராஃப்டிங்

அக்கா, கிடைத்துவிட்டது!!! டெம்ப் ஃபோல்டரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை 5.51 மணி, 3.7 எம்பி. நோட்பேடில் ஏசி1032 என்று பார்த்தபோது கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

ரெக்கவரில் திறந்தேன், 214 பிழை கண்டுபிடித்து 214ஐயும் சரிசெய்ததாகச் சொன்னது. பிளானும் கான்டூரும் நன்றாக வருகிறது. ஆனால் செக்‌ஷன் சிசி பக்கம் ஜூம் செய்தால் உடனே ஆட்டோகேட் மூடிக்கொள்கிறது, மூன்று தடவை பார்த்துவிட்டேன். இதை எப்படிக் கடப்பது?

எடப்பள்ளி_சிவில்

மிக நல்ல செய்தி. இனி அந்த இடத்துக்கு ஜூம் செய்ய வேண்டாம், திரையில் வரைய முயலும்போதுதான் விழுகிறது. கெட்டுப்போன ஒன்றிரண்டு பொருள் அங்கே இருக்கிறது, ஹேட்சாகவோ (பரப்பை நிரப்பும் கோட்டு வடிவம்) டைமென்ஷனாகவோ (அளவுக் குறி) இருக்கலாம்.

புதிதாக ஒரு காலி டிராயிங் திறந்து, இன்சர்ட் கட்டளையில் இந்த ஃபைலைப் பிளாக்காகக் கொண்டுவாருங்கள், இடம் 0,0,0, எக்ஸ்ப்ளோட் (பிளாக்கைத் தனித்தனிப் பொருளாகப் பிரிப்பது) டிக். இது அப்படியே நடந்தால் நல்லது. நடக்கவில்லை என்றால் ரெக்கவர் செய்த ஃபைலில் நல்ல பகுதிகளை மட்டும் ஜன்னல் போட்டுத் தேர்ந்தெடுத்து டபிள்யூபிளாக் மூலம் தனித்தனி ஃபைலாக எழுதுங்கள். செக்‌ஷன் ஏஏ ஒன்று, பிபி ஒன்று, பிளான் ஒன்று. எது எழுதும்போது விழுகிறதோ அதில்தான் நோய். அந்தத் துண்டை மட்டும் ஹேட்ச் லேயரையும் டைமென்ஷன் லேயரையும் ஃப்ரீஸ் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் இருக்கிறது, இலவசம்தான். ஆடிட் (பிழை பார்த்துத் திருத்துவது) டிக் செய்து டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு டிராயிங் வடிவமாக மாற்றி, அதை ஆட்டோகேட்டில் திறங்கள். ஆட்டோகேட் பிடிவாதம் பிடிக்கிற ஃபைலை அது பல நேரம் வாங்கிக்கொள்கிறது.

இன்சர்ட் செய்தால் மாடல் ஸ்பேஸ் (நாம் வரைகிற இடம்) மட்டும்தான் வரும், லேஅவுட் (பிரிண்டுக்கான தாள்) வராது. லேஅவுட் டேபில் வலது கிளிக் செய்து ஃப்ரம் டெம்ப்ளேட் கொடுத்து, பழைய ஃபைலைக் காட்டினால் தாளும் டைட்டில் பிளாக்கும் தனியாக வந்து சேரும்.

அப்புறம் அந்த 214 பற்றி. ஆடிட் "சரிசெய்தேன்" என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சரிசெய்ய முடியாததை அது அழித்துவிட்டு, அதையும் சரிசெய்த கணக்கில்தான் சேர்க்கும். ஆடிட்சிடிஎல் 1 வைத்துவிட்டு ஆடிட் ஓட்டினால் ஏடிடி என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதும், அதில் எதை என்ன செய்தது என்று வரிவரியாக இருக்கும். ரீட்டெயினிங் வால் டிராயிங் இது. ஒரு வீப் ஹோல் (சுவரில் தண்ணீர் வடியும் துளை), ஒரு கம்பி விவரம் காணாமல் போனதைக் கவனிக்காமல் பிரிண்ட் போய்விட்டால் மழைக்காலத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கிற மண் யாருக்கும் காத்திருக்காது. பழைய பிரிண்டோ பிடிஎஃப்போ இருந்தால் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கோத்தகிரி_டிராஃப்டிங்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், இடையில் இதே வேலைதான்.

முழுசாக இன்சர்ட் செய்தபோது விழுந்துவிட்டது. டபிள்யூபிளாக் செய்தபோது பிளான், ஏஏ, பிபி மூன்றும் சுத்தமாக வந்தது. சிசி மட்டும் அடம் பிடித்தது, மண் காட்டுகிற ஹேட்ச் லேயரை ஃப்ரீஸ் செய்ததும் அதுவும் வந்துவிட்டது. அந்த ஒரு ஹேட்ச்தான் எல்லாவற்றுக்கும் காரணம். நான்கையும் புதிய டிராயிங்கில் சேர்த்துவிட்டேன்.

கான்டூர் விஷயத்தில்தான் பயந்தேன். பார்க்கக் கோடு இருக்கிறது, ஆனால் மட்டம் போயிருந்தால் யாருக்கும் தெரியாது. ரோட்டோரக் கல்லை டிபிஎம் (தற்காலிக மட்டக் குறி) 100.000 என்று வைத்துத்தான் சர்வே செய்தோம், அங்கிருந்து ஒவ்வொரு கோடாகக் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் எலிவேஷன் பார்த்துக்கொண்டே இறங்கினேன். 99.500, 99.000, 98.500 என்று சரியாக இறங்கி வந்தது, 94.000 என்று இருக்க வேண்டிய கோட்டில் மட்டும் 0.000. அதைக் கையால் திருத்தினேன். சர்வேயரிடம் கேட்டதில் டோட்டல் ஸ்டேஷன் (சர்வே கருவி) புள்ளிகளின் சிஎஸ்வி ஃபைல் அவரிடம் பத்திரமாக இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன், அதனுடன் ஒப்பிட்டும் பார்த்துவிட்டேன்.

ஒப்பிடுவதற்கு, போன சனிக்கிழமை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் இருந்தது. அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. சிசியில் மேல் அடுக்குச் சுவரின் கம்பி விவரம் முழுக்கக் காணவில்லை, ஆடிட் அழித்திருக்கிறது. அதைத் திரும்ப வரையாமல் எடுக்க வழி இருக்கிறதா?

கொடைக்கானல்_வரைபடம்

இருக்கிறது தம்பி. அந்தப் பிடிஎஃப் ஆட்டோகேட்டிலிருந்தே போட்டது என்றால் உள்ளே படமாக இல்லாமல் கோடாகத்தான் இருக்கும். பிடிஎஃப்இம்போர்ட் கட்டளை 2017லிருந்து இருக்கிறது. வெக்டர் ஜியாமெட்ரி டிக் செய்து அந்தப் பக்கத்தை மட்டும் உள்ளே எடுங்கள். தாளின் அளவில் வரும், உங்கள் அளவுக்குப் பொருந்தாது. ஸ்கேல் கட்டளையில் ரெஃபரன்ஸ் கொடுத்து, தெரிந்த ஒரு நீளத்தின் இரண்டு முனையைக் காட்டி, சரியான எண்ணை அடியுங்கள். எவ்வளவு பெரிய நீளத்தை எடுக்கிறீர்களோ அவ்வளவு துல்லியம். எஸ்ஹெச்எக்ஸ் எழுத்து (ஆட்டோகேட்டின் கோட்டு எழுத்துரு) வைத்திருந்தால் எழுத்தெல்லாம் துண்டுக் கோடாக வரும், அதற்கு பிடிஎஃப்எஸ்ஹெச்எக்ஸ்டெக்ஸ்ட் என்று தனிக் கட்டளை. டைமென்ஷன் உயிரோடு வராது, வெறும் கோடும் எழுத்துமாகத்தான் இருக்கும், அதை மட்டும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த கோட்டை அளந்து டைமென்ஷன் போட வேண்டாம், எண்ணைப் பிடிஎஃப்பில் படித்து வரையுங்கள்.

முடிந்ததும் அந்த சிஸ்டத்தில் ஐசேவ்பேக் 1, சேவ்டைம் 5, ஐசேவ்பெர்சன்ட் 0 என்று வையுங்கள். கடைசியாகச் சொன்னது ஒவ்வொரு சேவிலும் ஃபைலை முழுசாக எழுத வைக்கும், கொஞ்சம் நேரம் கூடும், பரவாயில்லை. தானாக எழுதுகிற பிரதி போகிற இடத்தை ஆப்ஷன்ஸில் போய் டெம்பிலிருந்து வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். யூபிஎஸ் பேட்டரியை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள், ஃபைலைச் சேவ் செய்து மூட ஐந்து நிமிடம் தாங்கினால் போதும்.

கோத்தகிரி_டிராஃப்டிங்

அக்கா, கம்பி விவரம் வந்துவிட்டது. 3600 தூண் இடைவெளியை வைத்து ஸ்கேல் செய்தேன், மற்ற அளவுகளும் ஒத்துப்போகின்றன. முதலாளியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், திட்டவில்லை, பேட்டரிக்குப் பணம் கொடுத்தார்.

ஒரே ஒரு சந்தேகம். கெட்டுப்போன ஃபைலை ஒதுக்கிவிட்டு, புதியதை அதே பெயரில் அதே ஃபோல்டரில் வைத்தேன். திறந்தால் "வேறு ஒருவர் பயன்படுத்துகிறார்" என்று என் பெயரையே காட்டி, ரீட் ஒன்லியாகத்தான் திறக்கிறது.

எடப்பள்ளி_சிவில்

கரண்ட் போன அன்று விட்டுப்போன பூட்டு அது. அதே ஃபோல்டரில் டிடபிள்யூஎல், டிடபிள்யூஎல்2 என்று முடிகிற இரண்டு சின்ன ஃபைல் கிடக்கும், தெரியவில்லை என்றால் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஆட்டோகேட்டை மூடிவிட்டு அந்த இரண்டையும் அழித்துவிட்டுத் திறங்கள், சரியாகிவிடும்.

கோத்தகிரி_டிராஃப்டிங்

திறந்துவிட்டது அண்ணா. முதல் சேவ் கொடுத்ததும் பக்கத்தில் பேக்கப் ஃபைல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் மிக்க நன்றி.